மாற்று நீர் அட்டவணை

இருபத்து மூன்றாம் மாடியில் ஜன்னல்கள் திறக்காது.
மேசைமேல் ஒரு போத்தல்,
சரவாக்கிலிருந்து கூரியரில் வந்தது.
கழுத்தில் சீட்டு: ஓடை 3, காலை 7.40.
அசைத்தால் தேத்தண்ணி நிறம்.
விட்டுவைத்தால் துரு அடியில் இறங்கிவிட
மேலே தெளிந்த நீர்
ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும்.

நான் ரசாயனம் படித்தவள் இல்லை.
மலாயிலிருந்து ஆங்கிலத்துக்கும்
ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கும்
கடிதங்களைக் கடத்துகிறவள்.
நடுவே தமிழில் யோசிப்பதற்குச்
சம்பளம் இல்லை.

நிலக்கரி தோண்டியதால் கெட்ட நீருக்கு
அதே அளவில், அதே தரத்தில் வேறு நீர்.
அப்படித்தான் தொடங்கியது பத்தி.
'அதே'யை எங்கள் வக்கீல்
மூன்று முறை அடித்தார், இரண்டு முறை திரும்ப எழுதினார்.
கடைசியில் நின்றது
'இயன்றவரை ஈடான'.

எண்களை என்னிடம் விட்டார்கள்.
நீள்வீடு ஒன்று. கதவுகள் இருபத்திரண்டு.
ஆட்கள் நூற்று ஒன்பது.
ஆளுக்கு நாளொன்றுக்கு நாற்பது லிட்டர்.
காலம்: இருபத்து நான்கு மாதம்.

அங்கிருந்து உங்காட் எழுதியிருந்தார்:
தண்ணீர் லோரி வாரம் இருமுறை வருகிறது, நன்றி.
மழை பெய்தால் பாதை சேறாகிவிடும், லோரி வராது.
ஆகவே மழைநாளில் எங்களுக்குத் தண்ணீர் இல்லை.
இன்னொன்று,
பிள்ளைகள் நீந்தப் பழகியது அந்த ஓடையில்.
அது உங்கள் பாரத்தில் எங்கே வரும்?

'பிற பயன்பாடு' என்ற கட்டத்தில்
ஒரு சரி போட்டேன்.
ஐந்தரைக்கு எல்ஆர்டி பிடித்தேன்.

அந்த வாரம் செந்தூலில் தண்ணி நின்றது.
மேலே ஆற்றில் யாரோ எதையோ ஊற்றிவிட்டார்களாம்.
எங்கள் பிளாட்டில் லிப்ட் ஏற்கெனவே நின்றிருந்தது.
கீழே லோரி. வரிசை சுராவ் வரைக்கும்.
குவான் அங்கிள் பேரக்குழந்தையின்
மஞ்சள் குளியல் தொட்டியோடு நின்றார்.

நாற்பது லிட்டர் என்பது
இரண்டு தோங்.
தட்டச்சு செய்தபோது அதற்குக் கனமில்லை.
நான்காம் மாடிக்கு,
எனக்கு இரண்டு, தர்னேஷுக்கு இரண்டு.
அரிசி கழுவிய தண்ணியில் தட்டு,
தட்டு கழுவியதில் கக்கூஸ்.
பள்ளிச் சட்டையை மோந்து பார்த்து
இன்னொரு நாள் தாங்கும் என்றேன்.
ராத்திரி ஒன்பதுக்கு அவன் கேட்டான்:
"இதுல குடிக்கிறது எதும்மா?"

நான்காம் நாள் குழாய் இருமியது.
முதலில் வந்தது அதே நிறம்,
போத்தலை அசைத்தால் வருமே,
அது.
நான் திறந்தபடியே விட்டேன்.
பத்து நிமிடத்தில் தெளிந்தது,
எங்களுக்கு.

திங்கட்கிழமை
நாற்பதை அழித்து நூற்றி முப்பது என்று அடித்தேன்.
என்சிக் ஹஸ்னுல் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்:
"ஆதாரம்?"
சட்டையை விலக்கித் தோளைக் காட்டவா முடியும்?
"வீட்டில் அளந்து பார்த்தேன்" என்றேன்.
வெகுநேரம் எதையும் பார்க்காமல் இருந்துவிட்டு
எண்பது என்று மாற்றினார்.
அவர் வீடு கெப்போங்கில். அங்கேயும்
நின்றிருக்க வேண்டும்.

காலம் என்ற கட்டத்தை அவர் கவனிக்கவில்லை.
இருபத்து நான்கு மாதத்தை எடுத்துவிட்டு
'ஓடை தெளியும்வரை' என்று போட்டிருந்தேன்.
யார் பார்த்துத் தெளிந்தது என்பார்கள்,
எந்தப் போத்தலைக் கொண்டு,
எவ்வளவு நேரம் ஆடாமல் வைத்து,
அதெல்லாம் எழுத
கட்டத்தில் இடமில்லை.

மூன்று மணிக்கு வக்கீல் வருகிறார்.
சிவப்புப் பேனா கொண்டுவருவார்.
சனி, ஞாயிறு முழுக்க அசையாமல் இருந்ததில்
போத்தல் கண்ணாடிபோல் இருக்கிறது,
விளம்பரத்தில் வைக்கலாம்.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு எழுந்தேன்.
மூடியை இறுக்கிக்கொண்டு
நன்றாகக் குலுக்கி
கோப்பின் மேல் வைத்தேன்.